மேட்டுப் பள்ளிக்கூடமும் ஊர்க்கோழிகளும்

1. மணி அடித்தேன், கோழிகள் வந்தன

வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் அது. ஆவணி பிறந்திருந்தது. ஞாயிறு பூசைக்காக என் சொந்த ஊருக்குப் போயிருந்தவள், திங்கட்கிழமை காலையில் கோம்பையில் பஸ் இறங்கி மேற்கே நடந்து பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தேன். வந்ததும் மணியை அடித்தேன். ஒரு பிள்ளையும் வரவில்லை. மறுபடி அடித்தேன். சத்தம் கேட்டு நாலைந்து கோழிகள் வந்து எட்டிப் பார்த்தன.

வெளியே போய்ப் பார்த்தால் தெருவில் ஆளே இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முள்படல் சாத்தியிருந்தது. நான் தங்கியிருந்த அறை வாசலில் மட்டும் கூடை கூடையாகக் கோழிகள். ஒவ்வொரு கோழியின் காலிலும் ஒரு சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. கொள்ளைநோய் வந்தால்தான் ஊர் இப்படிக் காலியாகும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கடைசி வீட்டில் ஒரு ஆள் படலைக் கட்டிக்கொண்டிருந்தார். நாலாம் வகுப்புப் பேச்சியின் அப்பா மாயாண்டி. ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஊரு மலையேறிருச்சு டீச்சரம்மா. ஏலக்காய் எடுப்பு. இனி கார்த்திகையிலதான் இறங்குவோம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் யாரிடம் சொல்வார்கள்?

"பிள்ளைகளையுமா கூட்டிட்டுப் போயிட்டாங்க?"

"காயி தரையோட கிடக்கும். பெரிய ஆளு குனிஞ்சா இடுப்பு போயிரும். பிள்ளைக கைதான் தோது."

"கோழியை என்னை நம்பி விட்டுட்டுப் போறீங்களே, பிள்ளைகளை விட்டுட்டுப் போகக் கூடாதா?"

மாயாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோழி காயி எடுக்காதுல்ல டீச்சரம்மா," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. வானம் நீலம் என்று சொல்வதுபோலச் சொன்னார். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறிவிட்டார்.

கோழிகளைத் திறந்துவிட்டபோது ஒரு கூடையின் அடியில் துணி சுற்றி ஒரு சிலேட்டு இருந்தது. பேச்சியுடையது. மலையில் கொண்டுபோனால் உடைந்துவிடும் என்று என்னிடம் விட்டிருக்கிறாள்.

2. முட்டை டீச்சருக்கு, குஞ்சு வீட்டுக்காரருக்கு

புதிதாக டீச்சர் வேலைக்கு வருகிற உங்களுக்காக அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியாற்றுத் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கி ஓடுகிறது. வாய்க்கால் எட்டுகிற ஊரெல்லாம் இருபோகம். நெல் விளைந்த ஊரில் ஓட்டுப் பள்ளிக்கூடம் இருந்தது, பஸ் வந்தது, மதுரைக்குப் போய்ப் படிக்கிற பையன்களும் இருந்தார்கள். எங்கள் குக்கிராமம் வாய்க்கால் முடிகிற இடத்துக்கு மேலே. தண்ணீர் மேடு ஏறாது. மழை பெய்தால் சோளமும் மொச்சையும் உண்டு. விதைத்துவிட்டு, திருவிதாங்கூர் மலையில் ஏலக்காய் எடுத்தால்தான் வருஷம் ஓடும். இரண்டு மைல் தள்ளிப் பிறந்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் தலையெழுத்தே வேறு. இது யார் செய்த குற்றமும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய கோபம். கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு ஆள் வேண்டாமா?

ஊர் வழக்கம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யார் ஊரில் தங்குகிறார்களோ அவர்களிடம் கோழி. எந்த வீட்டுக் கோழி என்று அடையாளம் தெரியத்தான் காலில் அந்தச் சேலைக் கிழிசல். முட்டை, கோழியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு; குஞ்சு, கோழி வீட்டுக்காரருக்கு. எனக்கு முன்பு அங்கே தங்கியவர்கள் மலையேற முடியாத நோயாளிகள். அவர்களுக்குப் பிறகு நான்.

பள்ளிக்கூடத்தை நடத்துகிற நிர்வாகத்தில் கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். திறந்துவைத்தேன். காலையில் மணி, மாலையில் மணி. பேச்சு மறந்துவிடும் என்று பயந்து கரும்பலகையைப் பார்த்து வாய்ப்பாடு சொல்லுவேன். கேப்பைக் கூழும் முட்டையும் தின்று அலுத்துப்போனது. எதிரே மலை நிற்கும். ஊரே அதற்குள்தான் இருக்கிறது, ஆனால் ஒரு குரல் வராது. ஒரு நாள் ஒரு ஆட்டுக்காரர் வழி கேட்டு வந்தார். அவர் போன பிறகு அழுதேன். வழி கேட்டவரிடம் தேவைக்கு மேல் நாலு வார்த்தை பேசிவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

கார்த்திகையில் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். சிலருக்கு மலைக்காய்ச்சல். பலருக்கு எழுத்து மறந்திருந்தது. எண்ணச் சொன்னால், "ஒந்நு, ரண்டு, மூந்நு" என்று மலையாளத்தில் எண்ணினார்கள். பேச்சி மட்டும் நேராக என்னிடம் வந்து, "எஞ் சிலேட்டு எங்கன டீச்சர்?" என்றாள்.

3. இன்ஸ்பெக்டர் சாப்பிட்ட முட்டைக் குழம்பு

அடுத்த புரட்டாசியில் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற டிப்டி இன்ஸ்பெக்டர் வந்தார். பெரியகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கடைசித் தூரத்தை நடந்தே வந்திருந்தார். காலியான பெஞ்சுகளையும், பெஞ்சில் ஏறி நின்ற ஒரு பெட்டைக்கோழியையும் பார்த்தார்.

"பிள்ளைங்க எங்கேம்மா?"

"மலையில சார்."

"எப்ப வருவாங்க?"

"கார்த்திகையில."

அவர் கெட்டவர் இல்லை. கோபப்படக்கூட இல்லை. நான் வைத்த முட்டைக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிய பிறகுதான் பேசினார். "பிள்ளைங்க இல்லாத ஸ்கூலுக்கு சர்க்கார் கிராண்ட் குடுக்க முடியாதும்மா. இதை வாய்க்கால் கரைக்கு மாத்தறதுதான் நல்லது. அங்க பன்னிரண்டு மாசமும் பிள்ளைங்க இருப்பாங்க. நீங்களும் கீழ வந்துடுங்க. தனியா ஒரு பொம்பளை இப்படி இருக்கலாமா?"

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் போக ஆசையாக இருந்தது. தெருவில் ஆள் நடக்கிற சத்தம், பக்கத்து வீட்டில் பாத்திரம் உருள்கிற சத்தம், இவற்றுக்காக அன்று எதையும் கொடுத்திருப்பேன். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த சிலேட்டு கண்ணில் பட்டது. பள்ளிக்கூடம் கீழே போனால் பேச்சி இறங்கி வந்து கேட்கும்போது அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

"மே மாசம் வந்து பாருங்க சார்," என்றேன்.

"மே மாசம் ஸ்கூல் லீவும்மா."

"அந்த லீவு இந்த ஊருக்குப் போட்டது இல்லையே சார். அறுப்பு லீவு விடுறோம், இங்க அறுக்க நெல்லு ஏது? கோடையில இவங்க வேலை இல்லாம வீட்டுல இருக்காங்க, நாம கதவைப் பூட்டிட்டுப் போயிடுறோம். எல்லா லீவையும் ஒண்ணாச் சேர்த்து எடுப்புக் காலத்துல குடுங்க. மே மாசம் நான் நடத்துறேன்."

அவர் குடையால் வாசலைக் காட்டினார். "வெயில்ல பிள்ளைங்க வருமா?"

"தெரியாது சார்." ஆழம் தெரியாமல்தான் காலை விட்டேன்.

"ஒரு வருஷம் பார்ப்போம். மே மாசம் வருவேன். பெஞ்சு காலியா இருந்தா அதோட முடிஞ்சது."

4. கத்திரி வெயிலில் பள்ளிக்கூடம்

பங்குனியிலேயே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். கோடையில் தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டும் என்பதால் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள் என்றார்கள். அதனால் விடியும்போதே பள்ளிக்கூடம், வெயில் ஏறினால் மணி என்று வைத்தேன். வாசலில் பிள்ளைகளின் குடங்கள் வரிசையாக இருக்கும். பாடம் முடிந்ததும் நேரே தண்ணீருக்குப் போவார்கள்.

சொன்னபடி இன்ஸ்பெக்டர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெஞ்சில் இடம் இல்லாமல் பிள்ளைகள் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் பேச்சி ஒருத்திதான். அவளை வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். கணக்குக் கொடுத்தார், போட்டாள். "இந்த ஸ்கூல் இங்கயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். பேச்சிதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆவணி வந்தது. முதல்முறையாக எனக்கு லீவு. டிரங்குப் பெட்டியைக் கட்டிவைத்து, ஊருக்குப் போய்த் தம்பி வீட்டில் இருக்கப் போகிறேன் என்று சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல வாசலில் கூடைகள் வந்தன. லீவு என்றால் நானும் போவேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாயாண்டி கடைசியாக வந்தார். ஒரு கையில் கோழிக்கூடை, பின்னால் துணிமூட்டையோடு பேச்சி.

"கோழியோட இவளும் இருக்கட்டும் டீச்சரம்மா. கோம்பையில ஆறாப்பு சேர்த்துட்டேன். அந்தப் பள்ளிக்கூடம் நம்ம லீவுக்குப் பூட்டாதாமுல."

"காய் எடுக்க?"

"நாந்தான் கூடக் கொஞ்சம் குனியணும்," என்றார். கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையேறிவிட்டார். நான் பெட்டியை அவிழ்த்தேன்.

எட்டாவது வரை அவள் என்னோடு அந்தக் காலி ஊரில் இருந்தாள். காலையில் கோம்பைக்கு நடப்பாள், மாலையில் வந்து கோழிகளை அடைப்பாள். என் பணிக்காலத்தில் தனிமை இல்லாத ஆவணிகள் அவைதான். பிறகு டீச்சர் டிரெயினிங் படிக்க மதுரைக்குப் போனாள். கீழே கம்பம் ஊரில் டீச்சர் வேலை கிடைத்தது. மேட்டுக்கு மாற்றல் கேட்பாள் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவள் கேட்கவில்லை. தப்பும் இல்லை. தண்ணீர் இருக்கிற பக்கம் போகத்தானே படிக்கவைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

வேலைக்குச் சேருகிற ஊரில் லீவு எப்போது என்று கேட்காதீர்கள். ஊர் எப்போது ஊரில் இருக்கும் என்று கேளுங்கள். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். கற்றுக்கொண்ட பிறகும் எனக்கு விளங்காதது, ஒரு பிள்ளை ஏறி வரப் பாதை போட்டால் அதே பாதையில் அது இறங்கியும் போய்விடும் என்பதை எப்படித் தாங்குவது என்பதுதான்.

ஒரு ஆடியில் பேச்சி என்னைப் பார்க்க வந்திருந்தாள். "கீழ வந்துருங்க டீச்சர். எங்க ஸ்கூல்ல ஒரு இடம் காலியா இருக்கு. இங்கன ஒத்தையில இருந்து என்ன பண்ணப் போறீக?"

"ஆவணி வருது. நான் வந்துட்டா கோழியை யாரு பார்க்கிறது?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.

சில வாரத்தில் ஊர் மலையேறியது. வாசலில் வந்திருந்த கூடைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். எதிலும் சிலேட்டு இல்லை.