பதினொரு மணி வண்டி

சிவானந்தன் ஸ்ட்ரெதம் ரயில் நிலையத்தின் வாசலில் நின்று பயணச்சீட்டுப் பார்ப்பவர். ஏழு வருடம் ரயில்வேயில் வேலை செய்தும், அவர் ரயிலேறிப் போன மிகத் தூரமான இடம் லண்டனுக்குள்ளேயே இருக்கும் ஆர்ச்வே முருகன் கோயில்தான். 1994 சித்திரையில் ஊழியர் சலுகைச் சீட்டு வாங்கி, மனைவி கனகாம்பிகையுடன் அல்ப்ஸ் மலை நகரங்களைப் பார்க்கப் புறப்பட்டார். வியன்னா, சால்ஸ்பர்க், இன்ஸ்புருக், கடைசியில் சூரிச்.

கனகாம்பிகைக்கு முதல் மூன்று ஊரும் வழிதான். அவளுடைய ஒரே தம்பி குகதாசன் சூரிச்சில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். இருவரும் முகம் பார்த்து ஒன்பது வருடம். அகதி விண்ணப்பம் முடிவாகாததால் அவனால் சுவிஸை விட்டு வர முடியாது.

புதன்கிழமை வியன்னாவிலிருந்து அவனோடு தொலைபேசியில் பேசினார்கள். விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. சனிக்கிழமை காலை கொழும்பு விமானத்தில் ஏற்றுகிறார்களாம்.

"வெள்ளி பின்னேரம் வந்திடுவியள்தானே அக்கா? நான் நண்டு வாங்கி வைக்கிறன்."

சுவிஸ் விசா வெள்ளிக்கிழமையிலிருந்துதான் செல்லும். அதற்கு முன்னால் போக வழியில்லை. ஓர் இரவாவது கிடைக்கும் என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். வியாழனன்று சால்ஸ்பர்க்கில் எல்லா மரமும் பூத்திருந்தது. கனகாம்பிகை ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி வண்டியில் இன்ஸ்புருக் போவதாக சிவானந்தன் லண்டனிலேயே எழுதி வைத்திருந்தார். மலைகளுக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் வண்டி, பார்க்க அழகு என்று கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் காலையில் சவரம் செய்யும்போது அவருக்கு ஒன்று உறைத்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர் அவர். கோயிலுக்குப் போவதும் மனைவியின் பையைத் தூக்கத்தான். இருந்தாலும் மனிதன் தன் கையால் ஆகும் வரையில்தான் பகுத்தறிவாளன். விசா அலுவலகத்தையும் விமானத்தையும் அவரால் நகர்த்த முடியாது. தாங்கள் புறப்படும் நேரம் ஒன்றைத்தான் நகர்த்த முடியும். நகர்த்தினார்.

"பதினொரு மணி வண்டியெண்டுதானே எழுதி வைச்சனீங்கள்?" என்றாள் கனகாம்பிகை மேடையில்.

"இதுவும் இன்ஸ்புருக்தான் போகுது. கெதியாவும் போகும். நீர் பேசாமல் ஏறும்."

வண்டி ஒன்பதரைக்குப் புறப்பட்டது. கொஞ்ச நேரத்தில் ஓர் ஆற்றைக் கடந்து நின்றது. சீருடைக்காரர் இருவர் ஏறினார்கள். சிவானந்தன் பயணச்சீட்டை நீட்டினார். அவர்கள் கேட்டது கடவுச்சீட்டை. ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "ஜெர்மன் விசா எங்கே?"

"நாங்கள் ஜெர்மனிக்குப் போகவில்லையே."

"இப்போது ஜெர்மனியில்தான் இருக்கிறீர்கள்."

சால்ஸ்பர்க்கும் ஒஸ்திரியா, இன்ஸ்புருக்கும் ஒஸ்திரியா. நடுவில் இன்னொரு நாடு குறுக்கிடும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. விரைவாகப் போகும் வண்டிகள் ஜெர்மனிக்குள் நுழைந்துதான் மறுபடி ஒஸ்திரியாவுக்குள் வரும். பதினொரு மணி வண்டி மட்டும் எல்லை தாண்டாமல் மலைக்குள் சுற்றிப் போகும். லண்டனிலிருந்து வரும்போது ஜெர்மனியைக் கடக்க வாங்கிய விசா ஒருமுறைக்கு உரியது. அது செலவாகிவிட்டது. ஒஸ்திரிய விசாவும் ஒருமுறைக்கு உரியதுதான். எல்லையைக் கடந்ததால் அதுவும் போயிற்று. முன்னால் போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.

எல்லை நிலையத்து அறையில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். யாரும் அதட்டவில்லை. கோப்பி கூடக் கொடுத்தார்கள். ஒஸ்திரியப் பக்கம் அனுமதி கேட்டிருக்கிறோம், பதில் வரவேண்டும் என்றார்கள். அதட்டியிருந்தால் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். தவறான சீட்டோடு வருகிறவர்களிடம் ஸ்ட்ரெதமில் சிவானந்தன் சொல்வதும் இதே மரியாதையோடுதான்: "மன்னிக்கவும், இதில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை."

மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் ஒருமுறை பேச விட்டார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு குகதாசன் சிரித்தான்.

"அத்தான், நீங்கள் ரயில்வேக்காரன்தானே! வண்டி மாறி ஏறினீங்களே?"

"ஓமடா தம்பி, மாறி ஏறிப்போட்டன்."

"பறவாயில்லை. நண்டு மூண்டு கிலோ. நான் தனியச் சாப்பிட ஏலாது, அறையில இருக்கிற பெடியளுக்குக் குடுக்கிறன். அக்காட்டைக் குடுங்கோ."

கனகாம்பிகை வாங்கி, "சாப்பிட்டியே?" என்று கேட்டாள். பிறகு "ஓம்" என்றாள். மறுபடியும் "ஓம்" என்றாள். ஒன்பது வருடம் சேர்த்து வைத்ததில் அவ்வளவுதான் வாயில் வந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அனுமதி வந்தது. சால்ஸ்பர்க்கில் கொண்டுவந்து விட்டார்கள். நேற்று நின்ற அதே மேடையில், இன்றைய பதினொரு மணி வண்டிக்காக இருவரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சூரிச்சில் இறங்கிப் பார்க்க இனி ஆளில்லை. ஆனாலும் லண்டனுக்குத் திரும்பும் சீட்டு அந்த வழியாகத்தான் இருந்தது. தூரத்து மலைகளில் பனி உருகாமல் வெள்ளையாக நின்றது. அழகுதான், அதை மறுக்க முடியாது. அதனால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை.

"நேற்று ராகுகாலம் பாத்தே வெள்ளன ஏத்தினீங்கள்?" என்று கேட்டாள் கனகாம்பிகை. குரலில் குற்றம் இல்லை.

அவர் ஓமென்று தலையை ஆட்டினார்.

"என்னட்டைச் சொல்லியிருந்தா நான் வேண்டாம் எண்டிருப்பன். முருகனிட்டைப் போறதெண்டாத்தான் நான் நேரம் பாக்கிறது. தம்பியிட்டைப் போறதுக்கு என்ன நேரம்?"

அவள் நிமிர்ந்து மேடைக் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பது நாற்பது. விமானம் புறப்படும் நேரம் அதுதான் என்று தம்பி சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. அது இருவருக்கும் தெரியும். சிவானந்தன் மனைவியின் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.