துருத்தியின் மேல் இரண்டு கைகள்

எங்கள் வீட்டுக்கு எனக்கு முன்பே வந்தது அந்த ஆர்மோனியப் பெட்டி. கல்யாணமாகி ராயபுரத்து வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்த அன்று, காற்று வருகிற ஒரே மூலையில் அது சிவப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் டிரங்குப் பெட்டிக்குக் கட்டிலுக்கு அடியில்தான் இடம் கிடைத்தது. அன்றைக்கே அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பகலெல்லாம் கன்டெய்னரைத் தூக்கி இறக்கிவிட்டு, சாயங்காலம் குளித்துவிட்டு எங்கள் தெருமுனையில் குகை மாதிரி கட்டிய மாதா கெபியில் பெட்டி வாசிப்பார். பாட்டு முடிந்து செபம் சொல்லும்போதும், ஒரே ஒரு சுருதியை விடாமல் மெல்லப் பிடித்துக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். அந்தச் சுருதி இல்லாவிட்டால் செபமே கேட்டது போல இல்லை என்பார்கள் தெருவில். எனக்கு அதெல்லாம் ஒன்றும் பிடிபடாது. பாரிமுனையில் ஒரு கப்பல் சரக்குக் கிளியரிங் ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வீடு வந்து சேர்ந்தால் எனக்கு வேண்டியது ஒரு டீயும் கொஞ்சம் அமைதியும்தான். இவர் பெட்டியைத் திறந்தால் நான் பாத்திரங்களை நங்கென்று வைப்பேன். அவர் அந்தச் சத்தத்தையே தாளமாக எடுத்துக்கொண்டு வாசிப்பார். கோபப்படுகிறவளுக்கு இதைவிட எரிச்சல் வேறு உண்டா?

காது அப்படிப்பட்ட காது. கப்பல் சங்கு ஊதினாலும் சரி, எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் லாரி ஹாரன் அடித்தாலும் சரி, அது எந்தக் கட்டை என்று சொல்லிவிடுவார். எங்கள் பெண்ணைத் தாலாட்டியதே கப்பல் சங்கின் சுருதியைப் பிடித்துத்தான். இப்போது அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தண்ணி லாரி வந்தது. அன்றைக்கு ஆபீசில் எனக்குச் சரியான திட்டு. தெருவே குடத்தோடு ஓடுகிறது, இவர் வாசற்படியில் உட்கார்ந்து இடது கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது, தண்ணியை நீயே பிடித்துவிடு என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். நாலு பேர் கேட்கவே சொன்னேன்: "தண்ணி கொடம் தூக்கச் சொன்னா மட்டும் மரத்துப்பூடுமா? பொட்டி அமுக்கச் சொல்லு, அந்தக் கை நல்லா வேல செய்யும்." அவர் எழுந்து வந்து வலது கையால் இரண்டு குடம் தூக்கி வைத்தார். மறுநாள் விடிகாலையில் பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தார்.

பக்கவாதம் என்றார்கள். இடது கையும் இடது காலும் போயிருந்தன. வாய் கோணியிருந்தது. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று டாக்டர் என்னிடம் கேட்டார்: முன்னாடியே ஏதாவது தெரிந்ததா, கை மரத்தது, நடை தடுமாறியது என்று ஏதாவது? நான் இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. பயம் ஒரு பக்கம். தெருவே கேட்க நான் பேசிய பேச்சு வெளியே வந்துவிடுமே என்ற வெட்கம் ஒரு பக்கம். டாக்டர் அவர் பக்கம் குனிந்து அதே கேள்வியைக் கேட்டார். அவர் தலையை இப்படியும் அப்படியும் உருட்டினார். நினைவு தெளியவில்லை போல என்று டாக்டர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஊன்றுகோலைப் பிடித்து நாலு எட்டு நடக்கவும் செய்தார். ஆனால் யாரோடும் பேச்சில்லை. சோறு ஊட்டினால் வாயைத் திறப்பார், போதும் என்று கூடச் சொல்லமாட்டார். பார்க்க வந்த கிரேன் ஆபீஸ் சிநேகிதர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். உடம்பு பிழைத்துவிட்டது, ஆள் பிழைக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் சொன்ன பொய் வேறு தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. கெபியில் போய் மாதாவிடம் கூட அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கெபிக்காரர்கள் நல்லவர்கள். இவரால் வர முடியாது என்று ஆனதும் ஒரு கீபோர்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு நாள் அதை வீட்டுக்கே தூக்கி வந்து, ஒற்றைக் கையால் வாசிக்கலாமே அண்ணே என்று மடியில் வைத்தார்கள். அவர் ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்தினார். ரொம்ப நேரம் அழுத்தியே இருந்தார். சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இதுக்கு மூச்சு இல்ல," என்றார். பல வாரங்களில் அவர் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர்கள் போனதும் என்னிடம், பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடு என்று சொன்னார்.

சக்களத்தி வீட்டை விட்டுப் போகிறாள், நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கொடுப்பதற்காகத் துடைக்கத்தான் அந்தச் சிவப்புத் துணியை எடுத்தேன். பின்பக்கம் காற்றடிக்கிற துருத்தியின் பலகையில், இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவர் இடது கை பட்டுப் பட்டு வார்னிஷ் போய், உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருந்தது. நான் அந்த இடத்தில் என் கையை வைத்தேன். கட்டைகளை அழுத்த அவருக்கு வலது கை இருக்கிறது. மூச்சுக்குத்தானே கை இல்லை? என் கை என்ன ஆயிற்று?

பெட்டியைத் தையல் மிஷின் மேல் வைத்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, நான் எதிரில் உட்கார்ந்தேன். வாசி என்றேன். அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் விடவில்லை. துருத்தியைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தேன். வேறு வழியில்லாமல் விரலை வைத்தார். பெட்டி ஒரு கத்து கத்தி, உடனே மூச்சு முட்டி, மறுபடி கத்தியது. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கையால் அடிக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், வாசல் அடிபம்பு. தோளிலிருந்து முழுப் பலத்தோடு, குடம் நிறையும் வரைக்கும் நிறுத்தாமல். அதையே பெட்டியிடமும் காட்டினேன்.

அவர் முகம் சிவந்தது. "இன்னாமே பண்ற? பொட்டியா இல்ல பம்பா இது? நெஞ்சு கிழிஞ்சிடப் போவுது அதுக்கு!"

எத்தனை மாதம் கழித்து அந்தக் கோபம்! நான் திட்டு வாங்கி மகிழ்ந்த ஒரே நாள் அதுதான். அவர் கோபப்படட்டும் என்று வேண்டுமென்றே இன்னும் இரண்டு அடி அடித்தேன்.

அப்புறம் தினமும் ஆறு மணிக்கு மேல், நான் வேலை விட்டு வந்ததும், ஒரு மணி நேரம். அவர் ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லித்தரவில்லை. பொறுமை கெட்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். தாளத்துக்குத் துருத்தி போடாதே, பாடுகிறவன் மூச்சைப் பார். காற்று தீர்ந்த பிறகு அமுக்காதே, கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அமுக்கு. பாடியவர் அவர்தான், அதனால் நான் அவர் முகத்தையே பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவர் முகத்தைப் பார்த்து நான் உட்கார்ந்ததில்லை. புதிய பாட்டு என்றால் தொடங்குவதற்கு முன் இடது புருவம் ஒரு நூல் உயர்கிறது. பிடித்த இடம் வரப்போகிறது என்றால் கழுத்து முதலிலேயே சாய்ந்துவிடுகிறது. இந்த மனுஷனிடம் இவ்வளவு இருந்ததா, நான் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் எல்லாம் இது நடந்துகொண்டே இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாற்காலியில்தான் நான் அவரைக் காதலித்தேன்.

பாடவும் வைத்தார். என் குரல் துருப்பிடித்த கேட் என்பார், ஆனால் சுருதி விலகாத கேட் என்றும் சொல்வார். அக்கம்பக்கத்தில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். சிநேகிதர்கள் வாசலில் வந்து நின்றபோது இவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தொண்டை முள் மட்டும் எனக்கு அப்படியே இருந்தது. நன்றாக வாசித்த நாட்களில்தான் அது அதிகமாகக் குத்தியது.

ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு யோசனை சொன்னாள். செத்த கை என்று மடியில் போட்டு வைக்காதீர்கள், துருத்தி போடும்போது அவர் கையையும் அதில் வையுங்கள், அசைந்துகொண்டாவது இருக்கட்டும் என்றாள். அன்றிலிருந்து நான் எதிரில் உட்காரவில்லை. அவருக்கு இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்து, அவர் இடது கையை அந்த வெளுத்த இடத்தில் வைத்து, அதன் மேல் என் வலது கையை வைத்து அமுக்கினேன். ஈரத் துணி மாதிரி கனத்தது அந்தக் கை. இரண்டு கைக்கும் சேர்த்து நானே அமுக்கினேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி.

மே மாதம் எங்கள் தெருவில் மாதா வணக்க மாதம். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டு முறை. அந்த வீட்டுக்காரர்கள்தான் கெபியில் பூ வைத்து, பாட்டுக்கும் சுண்டலுக்கும் ஏற்பாடு செய்வார்கள். எங்கள் முறை வந்தபோது, கீபோர்டு வேண்டாம், எங்கள் பெட்டிதான் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு உதறல். நடுவில் நின்றுபோனால் மானம் போய்விடும் என்றார். போனால் என் மானமும் சேர்ந்துதானே போகும் என்றேன்.

தெருவே வந்திருந்தது. இரண்டு பாட்டும் நிற்காமல் வந்தன. மூச்சு ஒரு இடத்திலும் முட்டவில்லை. வழக்கம் போல அவர் சுருதியைப் பிடித்துக்கொள்ள, செபம் தொடங்கியது. வீட்டில் பாட்டுகளைத்தான் பழகினோமே தவிர செபத்தைப் பழகவில்லை. கடைசியில் "பிதா, சுதன்" என்று குரல் கேட்டதும், பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், என் வலது கை தானாக எழுந்து நெற்றிக்குப் போய்விட்டது. சிலுவை போட்டு முடித்து ஆமென் சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

சுருதி நிற்கவில்லை. துருத்தியில் மிச்சமிருந்த காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். அவர் விரல்கள் பலகையைத் தள்ளின. ரொம்ப மெல்ல, ஒரு முறை. அப்புறம் இன்னொரு முறை. மூன்றாவது முறை முடியவில்லை, சத்தம் தொய்ந்தது. நான் பாய்ந்து என் கையை அதன் மேல் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் முகம் வியர்த்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது பெட்டியைக் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் ஊன்றுகோலோடு பக்கத்தில் வந்தார். அந்தக் கை அசைந்ததைப் பார்த்த பிறகு இனியும் மறைக்க என்னால் முடியவில்லை.

"அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ நா பொய் சொல்லிட்டேன்யா," என்றேன். "கை மரத்துப்போச்சுன்னு நீ சொன்னத நா சொல்லவே இல்ல."

"தெரியும். கையி காலுதான் போச்சு, காது நல்லாத்தான கேட்டுச்சு."

அப்படியென்றால் டாக்டர் உன்னைக் கேட்டபோது நீயாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் ஊன்றுகோலை நிறுத்தினார்.

"நீ இல்லன்னுட்ட. அப்பால நா ஆமான்னா, அத்தினி பேர் எதிர்ல ஒன்ன இன்னா நெனப்பாங்க? அதான் நானும் இல்லன்னு தலைய ஆட்டினேன்."

நான் பெட்டியை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு அழுதேன். தெரு ஆட்கள் சுண்டல் தின்றுகொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர் பக்கத்திலேயே நின்றார், நான் அழுது முடிக்கிற வரைக்கும் ஒரு எட்டு எடுத்து வைக்கவில்லை.