மண் மதலைக்கு வேறொரு கை

சுவிசேஷமுத்து சாதுவான மனுஷன். வாழ்க்கையில் துணிந்து ஒரு காரியம் செய்தார் என்றால் அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் அந்த ஒரு நாள்தான்.

சங்கரன்கோவிலில் பருத்தி மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றில் பல்கலைக்கழகம் கலைக்கூடம் நடத்திவந்தது. அவர் அங்கே காவலாள். திறந்தபோது கண்ணாடி ஓவியம் கொஞ்சம், தேர்ச்சிற்பம் கொஞ்சம், அவ்வளவுதான். பிறகு கூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் ஊர் ஊராக லாரியோடு அலைந்து கூடத்தை நிரப்பிவிட்டார். அன்றைக்குத் துணைவேந்தர் வருகிறார். அவர் தலையாட்டினால் சுவிசேஷமுத்துவின் தற்காலிக வேலை நிரந்தரமாகும்.

அந்த நேரம் பார்த்தா ராயகிரியிலிருந்து மாரித்தாய் என்றொருத்தி வந்து கண்ணாடிப் பெட்டி முன்னால் உட்கார வேண்டும்? பெட்டிக்குள் ஒரு மண் மதலை. சீக்கில் கிடந்த மகன் பிழைத்ததற்காக அவள் அய்யனாருக்கு நேர்ந்து வைத்த பிள்ளையுருவம். கோவிலிலிருந்து அதை எடுத்துவரும்போது ஊர்ப் பெரியவர்களைக் கேட்டார்களாம். வைத்தவளை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? இப்போது அதே பையன் ஜன்னி கண்டு பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"அய்யன் பொருளைத் தூக்கிட்டு வந்துட்டீங்க. அவரு என் பிள்ளையைக் கேக்காரு," என்றாள். அவள் அழவில்லை. அதுதான் சுவிசேஷமுத்துவுக்குப் பயமாக இருந்தது.

"முத்து, கார் வர்றதுக்குள்ள இந்தம்மாவை வெளிய விடுங்க," என்றார் பேராசிரியர். மாலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"எந்திரிம்மா. என் வேலை போயிரும்."

அவள் அசையவில்லை. அவர் வேதக்காரர், ஏசுவைக் கும்பிடுகிறவர்; அய்யனார் பழிவாங்குவார் என்றெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனாலும் பிள்ளையைச் சாகக் கொடுத்துவிடுவோமோ என்று பதறுகிறவளை எப்படிப் பிடித்துத் தள்ள? மனசு கேட்கவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டார்.

"இந்தா, தூக்கிட்டு ஓடு. வாரதை நான் பாத்துக்கிடுதேன்."

மாரித்தாய் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கொடுத்தவ திருப்பித் தொட்டா நேர்ச்சை முறிஞ்சிரும் அண்ணாச்சி. வேற கைதான் கொண்டுபோய் வைக்கணும்."

அங்கே வேறு கை யார் இருக்கிறார்கள்? சுவிசேஷமுத்து மதலையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். கார் உள்ளே திரும்பியது.

"முத்து, அதை வச்சுருங்க. கொண்டுபோனா திரும்பி வரவேண்டாம்," என்றார் பேராசிரியர்.

வீட்டில் பெண்சாதி தங்கபாய்க்கு என்ன பதில் சொல்ல என்று நினைத்ததும் அழுகை முட்டியது. நிற்கவில்லை.

மாரித்தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவர் பஸ் ஏறி ராயகிரி போய், மதலையை அய்யனார் காலடியில் இறக்கினார். அந்தச் சாமியிடம் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கேயே முழங்கால் போட்டுத் தெரிந்தவரிடம் கேட்டார்.

"ஆண்டவரே, வேலை போனாப் போகட்டும். அந்தப் பையன் எந்திரிச்சிரணும்."