மூன்று குவளை, தீர்ந்தது

ஸஃபி துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கடல்மட்டத்தைப் பார்த்து எழுதியவர் ஹாஜி மஹ்ஜூப். மணிக்கு ஒரு முறை அளவுகோல், சென்டிமீட்டர் பிசகாமல் பதிவேடு. அவருடைய கல்யாணத்தன்றுகூட மதியம் இரண்டு மணிக் கடல்மட்டம் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மனைவி ருக்கியாவும் இதையே சொல்வாள், பெருமையாக அல்ல.

எழுபத்து மூன்றாவது வயதில் குடலில் புற்றுநோய் என்றார்கள். மஹ்ஜூப் நேரே கடைக்குப் போய்க் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். அழுததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருத்துவமனையில் மருந்து ஏற்றினார்கள். உடம்பு தாங்க வேண்டுமே என்று டாக்டர் கிஸ்லான் டப்பாவில் வரும் சத்துமாவு ஒன்றை எழுதிக்கொடுத்தார். தினம் மூன்று குவளை. காலையில் எதைப் பார்த்தாலும் குமட்டியதால் மூன்றையும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொண்டார் மஹ்ஜூப். மருந்து வாடை தெரியாமலிருக்க ருக்கியா அதில் பாலும் பட்டைத்தூளும் ஆரஞ்சுப்பூ நீரும் சேர்த்து ஒரு ஜாடியில் கலக்கினாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. வாசம் மிக நன்றாக இருந்தது.

நோயாளியைப் பார்க்க ஆட்கள் வருவதும் அஸருக்குப் பிறகுதான். எதிர்வீட்டு பூஷைப் தினமும் வருவார், மற்றவர்கள் அவ்வப்போது. விருந்தாளி பார்த்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரன் மட்டும் குவளையைத் தூக்கிக் குடிப்பதா? மஹ்ஜூபின் கை தானாக நீண்டது.

"ஒரு வாய் குடிங்க பூஷைப்."

"வேணாம் ஹாஜி, அது உங்க மருந்து."

"மருந்தென்ன மருந்து, பாலுதான். குடிக்கலேன்னா கோவிச்சுக்குவேன்."

"கோவிச்சுக்காதீங்க. ஊத்துங்க."

இரண்டாம் வாரத்தில் 'வேணாம்' நின்றுபோனது. மூன்றாம் வாரத்தில், "இன்னைக்குப் பட்டை கொஞ்சம் கம்மியோ?" என்று கேட்டார் பூஷைப். வீட்டுக்காரன் தனக்குக் கடைசியில்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதற்குள் ஜாடியில் வண்டல்தான் மிஞ்சும். மஹ்ஜூப் கரண்டியை நக்கிவிட்டு நோட்டை எடுப்பார். "மாலை 4.50. மூன்று குவளை. தீர்ந்தது."

அதில் பொய் ஒன்றுமில்லை. தீர்ந்தது உண்மை. யார் வயிற்றில் தீர்ந்தது என்பதற்கு நோட்டில் கட்டம் கிடையாது. முன்பு ஒரு சக ஊழியர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே கடல்மட்டத்தை எழுதிவிட்டார் என்று மஹ்ஜூப் மூன்று மாதம் அவரோடு பேசாமல் இருந்தார். இப்போது அந்த மனிதர் அடிக்கடி நினைவுக்கு வந்தார்.

மூன்றாம் தடவை மருந்து ஏற்றும் நாள். பூஷைப்தான் தன் காரில் அழைத்துப்போய் டாக்டர் அறையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எடை ஐம்பத்தெட்டே கால் கிலோ. தொடங்கியபோது அறுபத்து நாலு.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "ஒரு நாள்கூட விடல. இந்த மாதிரி நோட்டு நான் பாத்ததே இல்ல ஹாஜி."

மஹ்ஜூப் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று டாக்டர் நினைத்திருப்பார்.

"அதான் கவலையா இருக்கு. இவ்வளவு சத்து உள்ள போயும் எடை எறங்குதுன்னா நோய் பரவுதோன்னு சந்தேகம். இன்னைக்கு ஏத்த வேணாம். ஸ்கேன் பாத்துட்டு வேற மருந்துக்குப் போவோம். அது கொஞ்சம் கடுமையா இருக்கும்."

சொல்லியே ஆக வேண்டும். ஆனால் குடித்தவர் பக்கத்தில் இருக்கிறார். தன் வீட்டில் ஒருவன் என்ன குடித்தான் என்பதை அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? உயிரா மரியாதையா என்று மஹ்ஜூப் ஒரு முழு நிமிடம் யோசித்தார். யோசிக்க இதில் என்ன இருக்கிறது என்று பிறகு தன்னையே திட்டிக்கொண்டார்.

"டாக்டரம்மா, பூஷைப்பையும் அந்த எடை மெஷின்ல ஏறச் சொல்லுங்க."

"என்னையா? எனக்கு என்ன வியாதி?" என்றபடி பூஷைப் ஏறினார். எண்பத்தேழு.

"முன்ன எவ்வளவு இருந்தீங்க?" என்றார் டாக்டர்.

"எண்பத்திரெண்டு. போன வாரம்தான் பெல்ட்டுல புது ஓட்டை..." பூஷைப் நிறுத்தினார். நோட்டைப் பார்த்தார், மஹ்ஜூபைப் பார்த்தார். மெஷினிலிருந்து மெல்ல இறங்கினார்.

"நோட்டு சரிதான் டாக்டரம்மா, ஜாடிக்கு," என்றார் மஹ்ஜூப். "எனக்குக் கெடச்சது கரண்டில ஒட்டினது."

டாக்டர் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நோட்டை இறக்கியபோது முகத்தில் சிரிப்பில்லை.

"இதச் சொல்லாம போயிருந்தா தேவையில்லாத மருந்த ஏத்தியிருப்பேன். ஸ்கேன் எப்படியும் எடுக்கணும். மருந்த இப்ப மாத்தல. ரத்தப் பரிசோதனை சரியா இருந்தா இன்னைக்கே பழைய மருந்து. ஆனா அந்த ஜாடி உங்களோடது, ஹாஜி. உங்களோடது மட்டும்."

திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே பூஷைப் பெல்ட்டின் புது ஓட்டையைத் தடவினார்.

"பட்டை கம்மின்னு வேற சொன்னேன்," என்றார்.

"ஊத்தினது நான்தானே."

"குடிச்சது நான்தானே."

மறுநாள் அஸருக்குப் பிறகு பூஷைப் தன் வீட்டிலிருந்தே புதினா டீ கெட்டிலோடு வந்து வாசலை மறித்து நாற்காலி போட்டார். வந்தவர்களுக்கெல்லாம் டீயை ஊற்றி, நோயாளிக்கான துஆவை, பிரார்த்தனையை, வாசலிலேயே வாங்கிக்கொண்டு அப்படியே அனுப்பினார். உள்ளே மஹ்ஜூப் முதல் குவளையை நிரப்பினார். கை பழையபடி வாசல் பக்கம் நீண்டது.

"கைய மடக்குங்க ஹாஜி."

ஒரு விருந்தாளி பார்த்துக்கொண்டிருக்கத் தனியாகக் குடிப்பது, மருந்து ஏற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. குடித்தார். பிறகு நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு எழுதினார். "4.55. முதல் குவளை. குடித்தவர்: நான். அடியில் இரண்டு கரண்டி மிச்சம்."

பூஷைப் எட்டிப் பார்த்தார். "அந்த ரெண்டு கரண்டி?"

"அதான் எழுதிட்டேனே."

"எழுதினா எடை ஏறுமா? குடிங்க."

மஹ்ஜூப் குடித்தார். பேனாவை எடுத்து 'மிச்சம்' என்ற கடைசி வரியை அடித்தார். முப்பத்தாறு வருடப் பதிவேட்டிலும் இந்த நோட்டிலும் சேர்த்து அவருடைய முதல் அடித்தல் அதுதான்.