நாலு மூலையிலும் கருப்பு மை

இங்கே சீமையில் தபால்காரர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசற்கதவில் ஒரு வாய் வெட்டி வைத்திருக்கிறார்கள். கடிதத்தை அதற்குள் ஊட்டிவிட்டுப் போய்விடுகிறார். வந்திருப்பது கல்யாணமா, கருமாதியா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வசதி இந்தத் தேசத்தில் கிடையாது. போன வாரம் ஒருநாள் காலையில் அப்படி ஒரு உறை வந்து மிதியடியில் விழுந்தது. சுற்றிலும் கருப்புக் கரை. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மிஸஸ் ஹார்ப்பர் அதைக் குனிந்து எடுத்து, நேராக வீட்டுக்குள் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் தேநீர்க் கூஜாவுக்குச் சாய்த்து வைத்துவிட்டு, தன் ரேஷன் முட்டையைத் தட்டி உடைத்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். நான் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடினேன். கதவைத் திறந்து பிடித்தபடி, வெளியே வாருங்கள், வெளியே வாருங்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அந்த அம்மாள் வீட்டில் நெருப்புப் பிடித்துவிட்டதென்று நினைத்து, கடிதத்தை அங்கேயே போட்டுவிட்டு முட்டையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். பனியில் நின்றபடி, “எங்கே புகை?” என்றார்.

“புகை இல்லை. சாவுச் சேதிக் கடிதத்தை வீட்டுக்குள் படிக்கக் கூடாது. வெளியே நின்று படித்து, கிழித்துப் போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்” என்றேன்.

“ஜனவரியிலா?” என்றார் மிஸஸ் ஹார்ப்பர்.

அதற்கு நம் பெரியவர்கள் பதில் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. ஆனாலும் கருப்பு மை என்றால் நான் ஏன் இப்படித் துள்ளுகிறேன் என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போலக் கடல் தாண்டி வந்து கை தேய்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். அந்த மையினால் நான் ஒரு தரம் செத்திருக்கிறேன்.

இந்த உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. இங்கே ஒரு கல்லூரியில் கண்ணாடி வீட்டுக்குள் நம்மூர் மல்லாட்டைச் செடியை, அதாவது வேர்க்கடலையை, வளர்த்து, அதன் இலையில் ஏன் புள்ளி விழுகிறது என்று பார்ப்பது எனக்கு உத்தியோகம். மல்லாட்டைக்கு வெயில் போதாமல் புள்ளி விழுந்தது. எனக்கும் ஏறக்குறைய அதே நிலைமை. நான் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது பேராசிரியர் கூப்பிட்டு, மிக மரியாதையாக, “உங்கள் கட்டுரை சஞ்சிகையில் வந்தால் நீங்கள் திரும்பி வரலாம். வராவிட்டால் திரும்பி வந்து சிரமப்பட வேண்டாம்” என்றார். இந்த ஊரில் வேலையை விட்டு எடுப்பதைக்கூட உபசாரம் செய்வதுபோலத்தான் சொல்வார்கள். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கப்பல் ஏடனைத் தாண்டிய பிறகுதான் அவர் சொன்னது எனக்கு முழுசாக விளங்கியது.

ஆகவே திண்டிவனத்தில் என் விடுமுறை, தட்டெழுத்துப் பொறியின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தே கழிந்தது. கட்டுரை எழுதுவது பெரிய காரியமல்ல. அதைச் சஞ்சிகை கேட்கிற கோலத்தில் அலங்கரிப்பதுதான் காரியம். தாளின் ஒரு பக்கம் மட்டும் அடிக்க வேண்டும். வரிக்கு வரி இரட்டை இடைவெளி. இடப்புறம் அகலமாக ஓரம். படங்கள் தனித்தாளில், அவற்றின் விளக்கம் வேறொரு தனித்தாளில், ஆசிரியன் பேர் இன்னொரு தனித்தாளில். இந்த விதிகளை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்து, காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன் அதைக் கும்பிட்டேன். ஓரத்தை அடிக்கோலால் அளப்பேன், சரியாக இருக்கும். அடிக்கோலே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று வேர்த்துப் போய், பக்கத்து வீட்டு அடிக்கோலை வாங்கி வந்து என் அடிக்கோலை அளப்பேன். என் மனைவி செங்கமலம் மல்லாட்டை உரித்தபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“ஒரு பக்கம் எழுதிக்கினு மறு பக்கத்த சும்மா உடறீங்க. ஓரத்துல வேற இம்மாம் எடம். ஒரு கீரப்பாத்தி போடலாம் போலகீது. சீமையில தாளு மரத்துலியா காய்க்குது?”

“அந்த ஓரத்தில்தான் பத்திராதிபர் திருத்தம் போடுவார்.”

“தப்பு பண்ணுவீங்கன்னு மொதல்லியே எடம் உட்டு வெச்சிக்கிறாரு. நல்ல மனுசன்தான்.”

மிச்சமிருந்தது படங்கள். அவளுடைய அண்ணன், என் மச்சான் கன்னியப்பன், விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். செடி, இலை, புள்ளி எல்லாவற்றையும் பென்சிலில் பெரிசாகப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அவற்றைச் சஞ்சிகையின் அளவுக்குச் சுருக்கி மையில் எழுத வேண்டியதுதான் பாக்கி. பம்பாயில் கப்பலைப் பிடிக்கவேண்டுமானால் வியாழக்கிழமை காலைத் தபாலில் கட்டு போயாக வேண்டும். படம் எவ்வளவு பெரிசு இருக்கலாம் என்பதை நாலு மூலையிலும் மை வைத்துக் காட்டவேண்டும் என்று விதியில் இருந்தது. தபால் கார்டு ஏறக்குறைய அதே அளவு. நான் ஒரு கார்டை எடுத்தேன். மச்சான் கோடு தாண்டிவிடக் கூடாதே என்ற பயத்தில் நாலு மூலையிலும் கெட்டியாக, பளபளவென்று, கருப்பு மையை அப்பினேன். நடுவில் ‘இதற்குள் வரைந்து புதன்கிழமை கொண்டுவரவும்’ என்று இங்கிலீஷில் எழுதினேன். ஏன் இங்கிலீஷ் என்று கேட்காதீர்கள். சீமையிலிருந்து வந்தவன் பின்னே எப்படி எழுதுவான்? விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு விதியை ஒழுங்காக நிறைவேற்றிய திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஊரை விட்டு நகராதவன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். சீமைக்காரனும் செய்யமாட்டான், அவனுக்குத் தபால் கார்டில் மை அப்பத் தோன்றாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவனால்தான் இது முடியும்.

புதன்கிழமை பிற்பகல் தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. பாவம், யார் வீட்டிலோ என்று நினைத்துக்கொண்டே பக்க எண் சரிபார்த்தேன். சத்தம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. எட்டிப் பார்த்தால், தலைவிரி கோலமாக என் மாமியார். பின்னால் மாலை மூட்டையும் துணி மூட்டையுமாகக் கன்னியப்பன். அவர்களுக்குப் பின்னால் ரயிலில் சேர்ந்து வந்த உறவுக் கூட்டம்.

“வெள்ளிக் கொலுசு வாங்கித் தந்தேனே, வெளயாடி நீ நடக்க, ஒத்தையா என்ன உட்டு ஓடிட்டியே எம் பொண்ணே” என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார்.

செங்கமலம் முறத்தோடு வாசலுக்கு வந்தாள். மாமியார் மகளைப் பார்த்தார். ராகம் அறுபடவே இல்லை. “சீம போயி படிச்சீங்களே, சீக்கு வந்து சாய்ஞ்சீங்களே எம் மருமவனே” என்று அப்படியே தண்டவாளம் மாறிவிட்டார்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து, “அத்தை, நான் இருக்கிறேன்” என்றேன்.

மாமியார் வாயைத் திறந்தபடி நின்றார். அழுவதற்கு அந்த வீட்டில் வேறு ஆள் இருக்கிறதா என்று என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“யம்மா, யாருக்கு அழுவுற நீ?” என்றாள் செங்கமலம்.

“நாலு மூலையிலயும் மை தடவி எழவு சேதி கணக்கா கார்டு வந்துச்சிடி. எனக்கு இங்கிலீசா தெரியும்? திண்டிவனத்திலேர்ந்துதான் வந்துகீதுன்னு தபால்காரரு தூர நின்னே சொல்லி நீட்னாரு. கிழிச்சி சாக்கடையில போட்டுட்டுத் தலமுழுவிட்டேன். கையெழுத்து மாப்ள கையெழுத்து மாரி கீதுன்னும் தபால்காரருதான் சொன்னாரு. அப்ப போனது நீதான்னு நெனச்சேன்.”

“எனக்கும் சந்தேகம்தான் மாப்ளே” என்றார் கன்னியப்பன். அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவதற்குள் கார்டு சாக்கடையோடு போய்விட்டிருந்தது. “யாருன்னு தெரியல. அதான் எதுக்கும் இருக்கட்டும்னு கோடி வேட்டி, கோடிப் பொடவ ரெண்டும் எடுத்துக்கினு வந்தேன். திருவெண்ணெய்நல்லூர் சொந்தக்காரங்களுக்கும் ஆளு போயிருக்குது. அவங்க நாளைக்கி வந்துடுவாங்க.”

“மச்சான், படங்கள் எங்கே?”

அவர் மாலை மூட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஈரம் சொட்டும் சாமந்தி மாலைகளைச் சுற்றியிருந்த தாளில், என் மல்லாட்டைச் செடி வேரும் காயுமாகத் தெரிந்தது. பிரித்தால் பென்சில் கோடெல்லாம் குழைந்து, இலை முழுதும் புள்ளியாகிவிட்டது. எந்தப் புள்ளி நோய், எந்தப் புள்ளி சாமந்தி என்று சொல்ல எந்தப் பேராசிரியராலும் ஆகாது.

“ஆளே போன பொறவு படம் எதுக்குன்னுதான்…” என்று கன்னியப்பன் இழுத்தார்.

அப்போதுதான் நான் அழுதேன். வெட்கமில்லாமல், வாய்விட்டு, வாசலில் உட்கார்ந்து அழுதேன். என் வேலை போயிற்று, கட்டுரை போயிற்று, புலம்பெயர்ந்த வாழ்வு சாமந்திப்பூவில் கரைந்து போயிற்று. அதுவரை சந்தேகத்தில் நின்ற அக்கம்பக்கத்தார், சரி, சாவு நிஜம்தான் என்று தீர்மானித்து, தங்கள் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். “இன்னா இப்ப? செடி இன்னா சீமையிலியா கீது? தங்கச்சி, போயி கொல்லையில நோவு புடிச்ச செடியா பாத்துப் புடுங்கிக்கினு வா. பொழுது சாயறதுக்குள்ள போட்டுடறேன்.”

செங்கமலம் கை நிறையப் பிடுங்கி வந்தாள். அந்த வருஷம் நோய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் விதிப்படி நான் நாலு மூலையிலும் மை வைத்த படத்தாளை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று மாமியார் நிலைப்படியில் குறுக்கே நின்றுவிட்டார். வேறு வழியில்லை, தெருவில் புங்கமரத்தடியில் பலகை போட்டுக்கொண்டோம். கன்னியப்பன் குனிந்து மையில் எழுத எழுத, துக்கத்துக்கு வந்தவர்கள் சுற்றி நின்று இலைக்கு நிழல் பிடித்தார்கள். “காம்பு கொஞ்சம் கோணலாகீதே மாஸ்டர்” என்று ஒருவர். “யோவ், செத்த வூட்ல தப்பு சொல்லாதே” என்று இன்னொருவர். உறவுக்காரப் பெண்கள் தட்டெழுத்துத் தாள்களைப் பக்க எண்படி அடுக்கித் தந்தார்கள். இழவுக்கு வந்த கூட்டம் ஏதாவது ஒரு காரியம் செய்யாமல் திரும்பாது. தூக்குவதற்குப் பிணம் இல்லாததால் என் கட்டுரையைத் தூக்கினார்கள்.

வெயில் இறங்குவதற்குள் படங்கள் காய்ந்துவிட்டன. இனி கட்டைத் துணி சுற்றித் தைக்க வேண்டும். வீட்டில் துணி இல்லை. செங்கமலம் கோடி வேட்டியை எடுத்தாள். மாமியார் தடுக்க வாயெடுப்பதற்குள் நடுவில் கிழித்துவிட்டாள். ஒரு பாதியை மடித்து மடித்துக் கட்டுரையைப் பொதிந்து, கோணி ஊசியால் தைக்க உட்கார்ந்தாள். பாதி தைத்த பிறகு, தலை நிமிராமல் கேட்டாள்.

“இது அச்சுல வரலன்னா இங்கியே இருந்துடுவீங்களா?”

“வராவிட்டால் அங்கே எனக்கு வேலை இல்லை” என்றேன்.

கொஞ்ச நேரம் ஊசி நின்றது. வேண்டுமென்றே ஒரு தையலைத் தளர விட்டிருந்தால் போதும். கடல் ஈரம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் நூலை வாயில் நனைத்து, முன்னைவிட நெருக்கமாகத் தைத்தாள். “அப்ப ஜல்தியா போயி சேரட்டும்” என்றாள்.

மறுநாள் கட்டு போயிற்று. திருவெண்ணெய்நல்லூர்க்காரர்கள் வந்து அழுதார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி, என் சாவுக்கு நானே சாப்பாடு போட்டு அனுப்பினேன். கோடிப் புடவையின் முனையில் மஞ்சள் தடவி, தீபாவளிக்கு என்று செங்கமலம் எடுத்து வைத்துக்கொண்டாள். அண்ணன் நல்ல சாயம் பார்த்து எடுத்திருந்தார்.

பத்திராதிபரின் கடிதம் வரும்போது விடுமுறை முடிகிற தறுவாய். கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தார். படங்கள் மிக நன்று. ஒரே ஒரு விளக்கம் தேவை: ஒவ்வொரு தாளின் நாலு மூலையிலும் ஒரு மஞ்சள் நிறப் பொடி காணப்படுகிறது, நுண்ணோக்கியில் பார்த்ததில் பூசணம் இல்லையென்று தெரிகிறது, அது யாது? நான் மாமியாரைக் கேட்டேன். “கருப்ப அப்படியேவா அனுப்புவாங்க? நீங்க அந்தண்ட திரும்பினப்ப தடவி உட்டேன்” என்றார். அது தென்னிந்தியாவில் வழங்கும் ஒரு பாதுகாப்பு முறை என்று பதில் எழுதினேன். அப்படியானால் செய்முறைப் பகுதியில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று அவர் விடவில்லை. இன்றைக்கும் அந்தச் சஞ்சிகையில், மல்லாட்டை இலைப்புள்ளி பற்றிய என் கட்டுரையின் செய்முறைப் பகுதியில், என் மாமியாரின் மஞ்சளுக்கென்று ஒரு வரி இருக்கிறது. நான் கண்டுபிடித்ததில் யாரும் இதுவரை மறுக்காதது அது ஒன்றுதான்.

கப்பலேறி வந்தேன். பின்னாலேயே சண்டையும் வந்து, ஊருக்குப் போகும் வழியை வருஷக்கணக்கில் அடைத்துக்கொண்டது. சஞ்சிகைக்காரர்கள் மூலப்படங்களைத் திருப்பி அனுப்பியபோது, வேட்டியின் அந்தப் பாதியையும் சலவை செய்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தார்கள். இப்போது அது என் தட்டெழுத்துப் பொறிக்குப் போர்வை. என்ன அழகான மேசை விரிப்பு என்று மிஸஸ் ஹார்ப்பர் விசாரித்தார். அது என் பிணத்துக்கு எடுத்தது என்று விளக்கினேன். அன்றையிலிருந்து என் அறையை அவர் தூசி தட்டுவதில்லை.

மற்றப் பாதி திண்டிவனத்தில் இருக்கிறது. அதில் விதை மல்லாட்டை கட்டித் தொங்கவிட்டிருப்பதாகச் செங்கமலம் எழுதச் சொல்லியிருந்தாள். கீழே கன்னியப்பன் தன் பங்குக்கு ஒரு வரி: “மாப்ளே, கோடிய ரெண்டா வெச்சிருக்கக் கூடாதாம். வரும்போது அந்தப் பாதிய மறக்காம எடுத்துக்கினு வாங்க.” அவர் சொல்வது சரிதான். நேற்றுக்கூடப் போர்வையை எடுத்து என்மேல் வைத்துப் பார்த்தேன். இடுப்பு வரைதான் வருகிறது. என் நீளத்துக்கு இரண்டு பாதியும் வேண்டும். என்றைக்காவது சேர்த்துத் தைக்கும்போது, நடுவில் இரட்டை இடைவெளி விட்டுத் தைக்கும்படி அவளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.