காதுள்ள ஊர்

புனேயில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் நிற்பவரைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் பேசிவிடுவோம். யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியம்தான். என்னைக் கெடுத்தது என் அம்மா. தேஹு ரோட்டில் ராணுவக் கிடங்கில் அப்பாவுக்கு வேலை. குவார்ட்டர்ஸ் வாசலில் காய்கறி வண்டி வந்து நின்றால் அம்மா சிரித்த முகமாக மராத்தியில் பேரம் பேசுவாள். நடுவில் அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பி, "சவத்து மூதி, முத்துன வெண்டைக்காயப் பிஞ்சுன்னு சாதிக்கான் பாரு" என்பாள். வண்டிக்காரர் என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், உன் காய் நல்லாயிருக்கிறது என்றேன் என்று மராத்தியில் பதில் வரும். அவரும் சந்தோஷமாக ஒரு கொத்து கொத்தமல்லியை இலவசமாகப் போட்டுவிட்டுப் போவார்.

ஷேர் ஆட்டோவில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரையும் அம்மா விட்டதில்லை. மலையாள நர்சுகள் இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அடங்குவாள். மற்றபடி தமிழ் எங்கள் இரண்டு பேருக்கும் நாலு சுவர் போல. உள்ளே இருந்துகொண்டு என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

அப்பா போன பிறகு அம்மா ஹிஞ்சேவாடிப் பக்கம் என் ஃபிளாட்டுக்கு வந்தாள். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பி அமெரிக்காவில். வந்த மறு வருஷமே அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது என்று சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று டயாலிஸிஸ். குடிக்கும் தண்ணீருக்கு அளவு. காயை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டி, சக்கையாகத்தான் போட வேண்டும். வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது. இளநீர் கூடவே கூடாது, அதில் உள்ள சத்து இந்த நோயாளிக்கு விஷம் என்றார் டாக்டர். அம்மாவுக்கோ இளநீர் என்றால் உயிர். டயாலிஸிஸ் முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது தெருமுனை இளநீர் வண்டியைத் தாண்டும் வரை அம்மா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வருவாள். அது என்னால் தாங்க முடியாத காட்சி. மனதுக்குள் அந்த வண்டியைச் சபிப்பேன்.

பகலில் ஆபீஸ், ராத்திரி அம்மா. உதவிக்கு ஒரு மாவ்ஷி இருந்தாள், மராத்திக்காரி, நல்லவள். ஆனாலும் அம்மா இருமினால் எழுவது நான்தான். எரிந்து விழுவேன். மாவ்ஷியிடம், கேப் டிரைவரிடம், அம்மாவிடமும். நோயாளி இருக்கிற வீட்டில் பொறுமையாக இருந்தேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அந்த நேரம் பார்த்து, கொழும்பில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வேலைக்கு என்னைப் போகச் சொன்னார்கள். நாலைந்து நாள்தான், ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. சண்டை நடக்கிற ஊருக்கு நான் எதற்கு என்று முறைத்துப் பார்த்தேன். வேலை போனால் அம்மாவின் வைத்தியமும் போய்விடும். போனேன்.

போன முதல் ராத்திரி படுத்தவள் காலையில்தான் எழுந்தேன். நடுவில் யாரும் இருமவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஐயோ, இவ்வளவு சுகமா என்று எனக்கே பயமாகிவிட்டது. வெளியே வந்தால் முக்குக்கு முக்கு மணல் மூட்டை, அதன் பின்னால் துப்பாக்கியோடு சின்னப் பையன்கள் மாதிரி சிப்பாய்கள். அதே முக்கில் பஸ் பலகையில் தமிழ் எழுத்து! சமையலறை மேஜையில் அம்மா அடித்து உதைத்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து, காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தவிர நான் பார்த்திராத எழுத்து, அரசாங்கச் செலவில் தெருவெல்லாம் நின்றது. கழிப்பறை வாசலில் 'மலசலகூடம்' என்று ஒரு பலகை. அதன் முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சிப்பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்று மத்தியானமே மாட்டிக்கொண்டேன். என்னோடு வந்தவன் கோயம்புத்தூர்ப் பையன். லிஃப்ட் கதவு மூடப் போகும்போது ஒரு பெரிய உடம்புக்காரர் ஓடி வந்தார். நான் சர்வசாதாரணமாக, "இந்த ஆளும் ஏறினா கயிறு அறுந்துடும்டா, நாம இறங்கிடலாம்" என்றேன். அந்த மனிதர் ஒரு காலை வெளியே எடுத்து, "நீங்கள் பயப்பிடாமல் போங்கோ, நான் அடுத்ததில வாறன்" என்றார். கோயம்புத்தூர்ப் பையன், "மானமே போச்சுங்க மேடம்" என்று முகத்தை மூடிக்கொண்டான். மறுநாள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான். கேக் தட்டை என் பக்கம் தள்ளி, "நீங்கள் முதல்ல எடுங்கோ. நான் எடுத்தா மிச்சம் இராது" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். டயாலிஸிஸ் முடிந்து துவண்டு கிடந்தவள், முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, அவரு மூஞ்சி எப்படிட்டி போச்சு? திருப்பிச் சொல்லு" என்று மூன்று தடவை சொல்லவைத்தாள். அம்மா அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு என்னவோ ஏதோ என்று மாவ்ஷி ஓடி வந்தாள்.

அதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. பெட்டியைக்கூடத் திறக்க விடமாட்டாள். "இந்தத் தடவ எங்கட்டி மாட்டுன?" என்பதுதான் முதல் கேள்வி. நானும் அங்கே போய்க் கொஞ்சம் வேண்டுமென்றே வாயை விடுவேன். மீன் சந்தையில், ரயிலில், புடவைக் கடையில் என்று மாட்டிக்கொண்டேன். என்ன சாப்பிட்டேன் என்பதையும் ஒவ்வொரு வாயாகச் சொல்ல வேண்டும். கடற்கரையில் செவ்விளநீர் குடித்ததை மட்டும் மறைத்தேன். "கடற்கரைக்குப் போனேன்னு சொல்லுத, எளநீ குடிக்கலன்னு சொல்லுத. யாருட்ட கத விடுத?" என்று பிடித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனிப்பா இருந்துச்சா?" என்று கேட்டாள். சுமார்தான் என்றேன்.

ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், கொழும்பிலேயே வெள்ளவத்தையில், அறை வாடகைக்கு விடும் ஒரு அக்காவின் வீட்டு மாடியில் தங்க ஆரம்பித்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்கியவர், தனியாக இருந்தார். அவருடைய இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் பேச்சை நிறுத்திவிடும். யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, நான் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது! அதற்காகவே விமானம் ஏறலாம் போல இருந்தது.

சண்டை மறுபடி மும்முரமாகியிருந்த சமயம் அது. ஒரு சாயங்காலம் அக்காவோடு கடைக்குப் போனேன். வழக்கம்போல நான் போனில் சத்தமாகத் தமிழில் பேசிக்கொண்டு வந்தேன். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து கை அசைந்தது. என் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒருவர் புரட்டினார். மதராஸ் இல்லை, புனே என்று சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அக்காவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவரைத் தனியாக ஓரத்தில் நிறுத்தினார்கள். இருட்டிய பிறகுதான் விட்டார்கள். அக்கா என்னைத் திட்டவே இல்லை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, "ரோட்டில சத்தமாத் தமிழ் கதையாதேங்கோ பிள்ளை. இஞ்ச எல்லாருக்கும் காது இருக்கு" என்று மட்டும் சொன்னார். யாருக்கும் புரியாது என்றுதானே நான் சத்தமாகப் பேசிப் பழகினேன். இவர்களோ எல்லாருக்கும் புரியும் என்று குரலை விழுங்குகிறார்கள். வெட்கமாக இருந்தது. இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லவில்லை.

அதற்குள் புனேயில் நிலைமை மோசமானது. டயாலிஸிஸ் மெஷினில் போட்டதும் அம்மாவின் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். கண் செருகும், வாந்தி வரும். ஒரு நாள் டாக்டர் அம்மாவின் கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டு, இதயம் இனித் தாங்காது, தொடர்வதா நிறுத்துவதா என்று குடும்பம்தான் முடிவெடுக்க வேண்டும், நிறுத்தினால் இரண்டு வாரம் தாண்டாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு மராத்தியும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு. அதனால் இது மாதிரிப் பேச்செல்லாம் நாங்கள் ஆங்கிலத்தில்தான் வைத்துக்கொள்வோம். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் போனில் சண்டை. நிறுத்தினால் நாம் கொன்ற மாதிரி என்பான். நீ வந்து ஒரு நாள் அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பார் என்பேன் நான். அந்தச் சண்டையைத் தூக்கிக்கொண்டேதான் அடுத்த தடவை கொழும்புக்குப் போனேன்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போது தம்பி கூப்பிட்டான். எல்லா வைத்தியமும் பார்க்க வேண்டும்க்கா என்று மறுபடி ஆரம்பித்தான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எத்தன நாளைக்குடா? நீ அங்க இருந்துகிட்டுப் பாசம் காட்டுற. வீட்டுல சாகிறது அவங்க, செத்துக்கிட்டிருக்கிறது நான். அம்மா போனாத்தான்டா எனக்குத் தூக்கம்" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். திரும்பினால் அக்கா சொதிக் கிண்ணத்தோடு நின்றார்.

"நான் கேட்டுட்டன் பிள்ளை" என்றார். "கேக்காத மாதிரிப் போகவோ, இல்லாட்டி இருக்கவோ?"

எத்தனையோ தடவை புனே பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இதைவிட மோசமாகப் பேசியிருக்கிறேன். சுற்றி நூறு பேர் இருந்தாலும் ஒருத்தர் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது ஒருத்தருக்குக் கேட்டுவிட்டது. இருங்க அக்கா என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் உட்கார்ந்தார். நான் அழுது முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அப்படி அழுததில் ஒரு சுகம் இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

"எங்கட அம்மா செத்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கெல்லாம் முடிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரியும்" என்றார் பிறகு. "சண்டையில யாழ்ப்பாணப் பாதை பூட்டினபடியால் ஒரு செய்தியும் வரேல்லை. கடைசியா என்ன சொன்னவ எண்டு கேக்கக்கூட ஆளில்லை." மேஜையைத் துடைத்துக்கொண்டே, "உங்கட அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டார்.

டாக்டர் பேசினார், தம்பி பேசினான், நான் பேசினேன். அம்மாவை யாரும் கேட்கவில்லை. "கேக்கலக்கா" என்றேன். அவர் ம் என்றார். இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, குரல் தேய்ந்திருந்தாலும், "இந்தத் தடவ எங்கட்டி மாட்டுன?" என்றாள். வேறு கதை கைவசம் இருந்தது. ஆனால் எதுவோ என்னைப் பிடித்துத் தள்ள, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அம்மா போனால்தான் தூக்கம் என்று சொன்னதையும் விடாமல் சொன்னேன். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டூ வீக்ஸ்" என்றாள்.

அது டாக்டர் சொன்ன வார்த்தை.

"பதினொண்ணாங்கிளாஸ் படிச்சவட்டி நான். தலமாட்டுல நின்னுகிட்டு நீயும் டாக்டரும் இங்கிலீஷ்ல பேசுதிய, எனக்கு வெளங்காதுன்னா நெனச்சிய?"

"பின்ன ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"வெளங்குதுன்னு தெரிஞ்சா பேசமாட்டிய. பேசலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "என்னையத் தமிழ்ல கேளுட்டி."

அம்மா காத்திருந்தாள். "நிறுத்திரலாமாம்மா?" என்றேன் கடைசியில்.

"நிறுத்திருவோம்" என்றாள்.

நான் ஓவென்று அழுதேன். அம்மா அழவில்லை. தம்பியைப் போனில் கூப்பிடச் சொல்லி, அவளே பேசினாள். அவன் அங்கே அழுதது எனக்கு இங்கே கேட்டது. டாக்டரிடமும் அவளே, இந்த முறை ஆங்கிலத்தில், "நோ மோர்" என்றாள். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். பிறகு, இனி அளவு ஒன்றும் பார்க்க வேண்டாம், பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு அம்மா அதிக நாள் இல்லை. தம்பி வந்து சேர்ந்தான், பக்கத்தில் இருந்தான், அந்த மட்டும் நிம்மதி. ஆனால் அந்த நாட்களில் எனக்கு நினைவில் நிற்பது, ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீடு திரும்பிய சாயங்காலம்தான். தெருமுனை வந்ததும் அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். இளநீர்க்காரர் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவால் உறிஞ்ச முடியவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். கழுத்தெல்லாம் வழிய, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாள்.

"வெட்டுத வெட்டுல பாதித் தண்ணி தரையிலதான் போவுது, மூதிக்கு" என்றாள். உடனே என் கையைப் பிடித்து, "இவனுக்குத் தமிழ் தெரியாதுல்லா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா."

"நல்லதாப் போச்சு. இன்னொண்ணு வெட்டச் சொல்லு" என்றாள்.

சொன்னேன்.