கம்பெனி கதவு

திருமழிசையில் ஒரு கார் ரிப்பேர் ஷெட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்க வந்த நண்பர்கள், கதவு ஒரிஜினலா, பிறகு செய்ததா என்று வாதாடினார்கள். எனக்குப் பெயின்ட் தின்னர் வாசனையில் அப்பா வேலை பார்த்த அம்பத்தூர் ஷெட் ஞாபகம் வந்தது.

அப்பா கார்களின் நசுங்கிய தகட்டைச் சீராக்கும் டிங்கர் வேலை செய்தவர். இதேபோன்ற ஒரு காருக்கு என் கண்ணெதிரே தகட்டைத் தட்டித் தட்டிப் புதுக் கதவே செய்தார். பள்ளியில் அதைச் சொன்னேன். யாரும் நம்பாததால் என் வகுப்பு குமாரை ஷெட்டுக்கே கூட்டிப்போனேன். அப்போது பார்த்துக் காரை வாங்க ஒருவர் வந்திருந்தார்.

"கதவு நீங்க செஞ்சதா?"

"கம்பெனி கதவு சார். நம்ம கையே படல."

"நீதானப்பா செஞ்ச!" என்றேன்.

"பையன் இன்னாத்தையோ உளறிகினு கீறான் சார்."

குமார் சிரித்தான். "இன்னா மச்சான், பீலாவா?"

வண்டி விற்கவேண்டும், அதனால் சொன்னார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது மறுபடி கேட்டேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"கம்பெனி கதவுதான்டா."